பூக்கிறது, காய் நிற்கவில்லை: வீட்டுப் பழமரங்களின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

எங்கள் தெரு மதுரைக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. வாழையும் முருங்கையும் போக, வீட்டுக்கு ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, இடம் இருந்தால் ஒரு மா, சப்போட்டா, சீத்தா என்று ஏதாவது நிற்கும். அவற்றுக்கு ஏதாவது ஆனால் என்னைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் போய்ப் பார்க்கிறேன். கேள்விகள் மொத்தமே ஏழெட்டுதான், வீடும் மரமும்தான் மாறுகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் மரத்தில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும்.

மருந்துக் கடைக்குப் போய் "கொய்யாவுக்கு ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துப் பழம் பிள்ளைகள் பறித்த கையோடு கழுவாமல் தின்னும் பழம். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீர், நிழல், தவறான கன்று இந்த மூன்றில் ஒன்றால் வந்தவை. அதற்கெல்லாம் பாட்டிலில் மருந்து கிடையாது.

## முதலில் ஐந்து நிமிடம் பாருங்கள்

மரத்தடி மண்ணில் ஆள்காட்டி விரலை முழுதாக விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து உள்ளே சேறாக இருந்தால் தண்ணீர் அதிகம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் அந்தக் கிளை போய்விட்டது. மரத்தின் மேல் எத்தனை மணி நேரம் நேர் வெயில் படுகிறது என்று ஒரு நாள் கணக்குப் பாருங்கள். கடைசியாக, அது விதையில் வந்ததா, ஒட்டுக்கன்றா என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பாதி வழக்கு இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

## அறிகுறி 1: மரம் செழிப்பாக இருக்கிறது, பூவே வரவில்லை

### எலுமிச்சை என்றால்

வயதைப் பாருங்கள். விதை போட்டு வந்த எலுமிச்சை பூக்க நான்கு முதல் ஆறு ஆண்டு ஆகலாம். அதற்குள் என்றால் பொறுப்பதுதான் வைத்தியம்.

வயது ஆகிவிட்டது என்றால் வெயில். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்து வீட்டில் மாடி எழும்பிய பிறகு பூப்பதை நிறுத்திய எலுமிச்சைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே கவிந்த முருங்கைக் கிளையை வெட்டிவிட்டாலே சில வீடுகளில் சரியாகிவிடும்.

வெயிலும் இருக்கிறது என்றால் அளவுக்கு மீறிய உபசாரம். வாராவாரம் சாணக் கரைசல், கைப்பிடி யூரியா, தினமும் தண்ணீர் என்று இருந்தால் மரம் இலையாகவே போட்டுக்கொண்டிருக்கும். தரையில் நிற்கும் வளர்ந்த மரத்துக்கு இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும்போது மறுபடி நன்றாகப் பாய்ச்சுங்கள், பூ வரும். தொட்டிச் செடிக்கு இதைச் செய்யாதீர்கள், செத்துப்போகும்.

கடைசியாக ஒட்டுப் போட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து ஒரு போத்து கிளம்பி, நீளமான முள்ளோடு மேலே போயிருந்தால் அது, ஒட்டுக்கு வேர்ச்செடியாக வைத்த ஜம்பேரி என்ற வேறொரு எலுமிச்சை வகை. மேலே இருந்த நல்ல எலுமிச்சையை அது அமுக்கிவிடும். சிறிதாக இருக்கும்போதே அடியோடு கிள்ளிவிட வேண்டும். ஒரு வீட்டில் மரம் முழுக்கவே ஜம்பேரியாகிவிட்டிருந்தது. தோல் தடித்து, மேடுபள்ளமாகக் காய்த்தது. வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது அவர்கள் அதை உப்பு ஊறுகாய்க்கு வைத்திருக்கிறார்கள், புதிதாக ஒரு எலுமிச்சை ஒட்டு வேறு பக்கம் நிற்கிறது.

### கொய்யா என்றால்

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். கத்தரியே படாத மரம் உயரமாகப் போய், உச்சியில் நாலு காய் காய்க்கும். கிளை நுனிகளை ஒரு சாண் நீளம் வெட்டிவிடுங்கள். வரும் பக்கத் துளிர்களில் மொட்டு வைக்கும். மதுரைப் பக்கத்து வெயிலில் சித்திரையில் வெட்டுவதை நான் தவிர்க்கிறேன், ஒரு மழை பெய்த பிறகு வெட்டுவது நல்லது.

### மா என்றால்

கொட்டையில் வந்த மா ஆறு முதல் பத்து ஆண்டு எடுக்கும், ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டில் பூக்கும். பல ரகங்கள் ஒரு வருடம் நிறையக் காய்த்து அடுத்த வருடம் ஓய்வெடுக்கும், அது நோயல்ல. கார்த்திகையில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் தள்ளியிருந்தால் அந்தக் கிளை அந்த ஆண்டு பெரும்பாலும் பூக்காது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து பூ வரும் வரை மாவுக்குத் தண்ணீர் விடாதீர்கள். நல்ல மனதோடு மார்கழியில் ஊற்றும் தண்ணீர்தான் பூவைக் கெடுக்கிறது.

பூக்க வைப்பதற்கென்று வேரில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தைத் தோப்புக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். வீட்டு மரத்துக்கு நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். ஏழெட்டு வயதான ஒட்டு மா, எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்து மூன்று ஆண்டு பூக்கவில்லை என்றால் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: பூக்கிறது, காய் நிற்கவில்லை

### பப்பாளி: பூ எங்கே தொங்குகிறது?

நீளமான காம்பில் கொத்துக்கொத்தாகச் சிறு பூக்கள் தொங்கினால் அது ஆண் மரம். தண்டை ஒட்டி, பருத்த அடியோடு ஒன்றிரண்டாகப் பூ இருந்தால் பெண் மரம். இரண்டும் ஒரே பூவில் உள்ள இருபால் மரமும் உண்டு, அதன் காய் சற்று நீளமாக இருக்கும். ஆண் மரத்துக்கு எவ்வளவு உரம் வைத்தாலும் நீங்கள் நினைக்கும் காய் வராது. ஒரே ஒரு பெண் மரம் மட்டும் வைத்திருந்தாலும், பக்கத்தில் மகரந்தம் இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

சரி, என்ன செய்வது? நாட்டு விதை போட்டால் ஒரு குழியில் மூன்று கன்று வையுங்கள். நான்கைந்து மாதத்தில் பூ பார்த்து வேண்டாததை எடுத்துவிடலாம். தெருவுக்கு ஒரு ஆண் மரம் இருந்தாலே சுற்றியுள்ள பெண் மரங்களுக்குப் போதும். இடமே இல்லை, ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் ரெட் லேடி மாதிரியான இருபால் ரகத்தின் கன்றை வாங்குங்கள். அதில் ஆண் மரம் வராது.

இருபால் மரத்தில் தண்டின் நடுவே ஒரு முழம் மட்டும் காயில்லாமல் வெறுமையாக இருந்தால், அந்தக் காலத்தில் கடும் வெயில் அடித்திருக்கிறது. வெக்கை தணிந்தால் மேலே மறுபடி காய்க்கும்.

### சீத்தா: நீங்களே வண்டாக வேண்டும்

சீத்தாப்பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறும். ஒரே பூ தனக்குத்தானே உதவாது. சின்னஞ்சிறு வண்டுகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. சிமெண்ட் தளம் போட்ட வளாகத்தில் அவை வருவதில்லை, அதனால் நூறு பூ பூத்து இரண்டு காய் நிற்கிறது.

விடியற்காலையில் ஒரு சிறு தூரிகை, ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் நன்றாக விரிந்து, நடுவில் மாவு உதிரும் பூவைக் காகிதத்தின் மேல் தட்டுங்கள். இதழ் பாதி மட்டும் திறந்திருக்கும் இன்னொரு பூவின் உள்ளே அந்த மாவைத் தூரிகையால் சுற்றித் தடவுங்கள். வெயில் ஏறுவதற்குள் பத்துப் பூவுக்குச் செய்யலாம். எல்லாப் பக்கமும் பட்டால் காய் உருண்டையாக வரும், ஒரு பக்கம் மட்டும் பட்டால் கோணலாக வரும். கோணல் காயின் சுவையில் குறை இல்லை. சித்திரை வெக்கையில் எவ்வளவு தடவினாலும் பூ கருகும், மழை ஈரம் வரும் வரை காத்திருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். தான் தடவிய பூ காயாவதைப் பார்த்த பிள்ளை அந்த மரத்தை விட்டு நகராது.

விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் பூசும் வழக்கம் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் கருவிழி கடுமையாகப் பாதிக்கப்படும். பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

### மா: எவ்வளவு உதிர்ந்தால் கவலைப்பட வேண்டும்?

ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கும். கடைசியில் ஒரு காய் நின்றாலே நல்ல காய்ப்பு. உதிர்வது இயல்பு. கவலைப்பட வேண்டியது கொத்து முழுவதும் கருகும்போது.

மரத்தடியில் நின்று கொத்தை லேசாகத் தட்டுங்கள். ஆப்பு வடிவத்தில் சிறு பூச்சிகள் தத்திப் பறந்தால், இலை பிசுபிசுத்தால், தத்துப்பூச்சி. பூ விரிவதற்கு முன்பே, மொட்டிலேயே, வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு மாலையில் தெளியுங்கள். பூ விரிந்த பிறகு எதுவும் தெளிக்காதீர்கள், மகரந்தம் சேர்க்கும் ஈயும் தேனீயும் போய்விடும். கொத்தின் மேல் திருநீறு பூசினாற்போல் இருந்தால் சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. மரம் மாடி உயரம் தாண்டிவிட்டால் கைத்தெளிப்பான் எட்டாது. ஏணி வைத்து நீங்கள் ஏற வேண்டாம், விசைத்தெளிப்பான் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

உதிர்ந்த பிஞ்சைப் பெருக்கித் தள்ளாதீர்கள். கோலிக்குண்டு அளவில் காம்போடு விழுந்தது வடுமாங்காய்க்கு ஆகும், விழுந்த அன்றே உப்பில் போட வேண்டும். அதைவிடப் பெரியதைக் கீறி, உப்பில் பிரட்டிக் காயவைத்தால் மாங்காய் வற்றல். மழைக்காலத்தில் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதற்கு ஈடு வேறு இல்லை.

### பலா: கறுத்து விழும் பிஞ்சு

விரல் நீளத்தில் கறுத்து, பூசணம் பூத்து விழுபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவற்றின் வேலை முடிந்துவிட்டது, விழட்டும். காம்பு தடித்து, முள் தெளிவாகத் தெரியும் பெண் பிஞ்சே கறுத்து அழுகினால்தான் நோய். அழுகியதை அகற்றி, காற்று புகும்படி கிளையைக் கழியுங்கள்.

## அறிகுறி 3: பழத்துக்குள் புழு

### கொய்யாவில் வெள்ளைப் புழு

தோலில் ஊசி குத்தினாற்போல் புள்ளி, அந்த இடம் அழுந்தினால் மெத்தென்று இருக்கும், பிளந்தால் துள்ளும் வெள்ளைப் புழுக்கள். இது பழ ஈ. ஈ தோலைத் துளைத்து முட்டை இடுகிறது, புழு உள்ளே தின்று வளர்ந்து மண்ணில் இறங்கிக் கூண்டாகிறது, மறுபடி ஈயாக எழுகிறது. இந்தச் சுழலை எங்கே வெட்டலாம் என்று பார்ப்பதுதான் வேலை.

முதல் இடம் மரத்தடி. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். உரக்குழியில் அப்படியே போட்டால் நீங்களே ஈ வளர்க்கிறீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள், உள்ளே எல்லாம் வெந்துவிடும். அப்புறம் உரக்குழிக்குப் போகலாம். மரத்தடி மண்ணை வாரம் ஒரு முறை கொத்திவிடுங்கள், கோழி வளர்க்கும் வீடு என்றால் கோழியே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, பை கட்டுவது. காய் எலுமிச்சை அளவு ஆனதும் காகிதப் பையோ பழைய வேட்டித் துணியோ கட்டுங்கள். மரத்தில் இருநூறு காய் இருந்தால் எல்லாவற்றுக்கும் கட்ட முடியாது, கைக்கு எட்டும் ஐம்பதுக்குக் கட்டுங்கள். அந்த ஐம்பது உங்களுக்கு நிச்சயம்.

மூன்றாவது, மெத்தில் யூஜினால் வைத்த பொறி. உரக்கடைகளில் பழ ஈப் பொறி என்று கேட்டால் கிடைக்கும். இது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். வெளியிலிருந்து பறந்து வரும் பெண் ஈயை அது ஒன்றும் செய்யாது. பொறி நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பழத்தில் ஏன் இன்னும் புழு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பொறி தனியாகப் போதாது, பொறுக்குதலும் பையும் சேர வேண்டும். முடிந்தால் பக்கத்து நாலு வீடும் சேர வேண்டும். எங்கள் தெருவில் ஐந்து வீடு சேர்ந்து விழுந்த பழத்தைப் பொறுக்க ஆரம்பித்த ஆண்டில்தான் உண்மையான மாற்றம் தெரிந்தது.

அதுவரை ஒரு வழி உண்டு. பழுக்க விடாமல், பச்சை வெளுக்கத் தொடங்கியதுமே பறியுங்கள். மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுத் தின்ன அந்தப் பருவம்தான் சரி.

### மாம்பழத்தில்

வெளியே ஓட்டையே இல்லை, கொட்டைக்குள் கறுத்த வண்டு இருக்கிறது என்றால் கொட்டை வண்டு. பிஞ்சிலேயே முட்டை வைத்தது. சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சாப்பிடலாம். கொட்டையைத் தோட்டத்தில் எறியாமல் அழித்துவிடுங்கள். அல்போன்சாவில் புழுவே இல்லாமல் சதை மட்டும் வெளுத்துப் பஞ்சுபோல் புளித்திருந்தால் அது பூச்சி வேலை அல்ல. அந்த ரகத்தை முக்கால் முற்றலில் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள், மரத்தடியில் சருகு பரப்புங்கள்.

வௌவால் கடித்து விழுந்த பழத்தை மட்டும், எந்த மரமானாலும், நறுக்கி மீதியைத் தின்ன வேண்டாம்.

## அறிகுறி 4: காய் வெடிக்கிறது

மாதுளையும் எலுமிச்சையும்தான். பத்து நாள் காயப்போட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்து குடம் குடமாக ஊற்றினால் வெடிக்கும். கோடையில் காய்ந்து கிடந்து திடீர் மழை பெய்தாலும் அப்படியே. கொஞ்சமாக, ஒரே சீராகத் தண்ணீர், அடியில் நாலு விரல் தடிமனுக்குச் சருகு மூடாக்கு. இதற்குப் பிறகும் அடுத்த காய்ப்பில் வெடித்தால் மண்ணில் போரான் என்ற நுண்ணூட்டச் சத்து குறைவாக இருக்கலாம். மண் பரிசோதனை செய்யாமல் போரான் போடாதீர்கள், கொஞ்சம் கூடினாலே நஞ்சு.

மாதுளையில் வெடிப்போடு உருண்டை ஓட்டையும் நாற்றமும் இருந்தால் பட்டாம்பூச்சிப் புழு. பிஞ்சிலேயே துணிப்பை கட்டுவதுதான் வழி. வெடித்த எலுமிச்சையை அன்றே நறுக்கி உப்பில் போடுங்கள், மறுநாள் பூசணம் பிடித்துவிடும்.

## அறிகுறி 5: இலையில் வெள்ளை, கறுப்பு, கோடு

பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை: மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்புதான் இதற்குக் காவல். குழாயால் வேகமாகத் தண்ணீர் அடித்து, மோசமான இலைகளை வெட்டி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பப்பாளியில் என்றால் அவசரப்படாதீர்கள். 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இந்த மாநிலத்தையே ஆட்டிவைத்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி இப்போதும் நம் தோட்டங்களில் இருக்கிறது. கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அதுதான்.

அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு: மேலே எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது, அதன் கழிவில் வளரும் பூசணம் இது. பூச்சியை அடக்குங்கள். மைதாவை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு: இலைத் துளைப்பான். வளர்ந்த மரம் தாங்கும், விடுங்கள். சிறு கன்றுக்கு மட்டும் தளிர் விடும் சமயம் வேப்பெண்ணெய்.

இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கிறது: தொட்டால் நகரும். பட்டாம்பூச்சிப் புழு, கறிவேப்பிலையிலும் வரும். பெரிய மரத்தில் நாலைந்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பப்பாளி இலை சுருங்கி மஞ்சள் திட்டு, காயில் வளையம்: வைரஸ். மருந்து இல்லை. மரத்தைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள், தாமதித்தால் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வழியே பக்கத்து மரத்துக்கும் போகும். அதற்கு முன் முற்றிய காய் இருந்தால் பறித்துக் கூட்டு வையுங்கள். இது மனிதருக்கு ஒன்றும் செய்யாது.

வாழையின் உச்சி இலைகள் குட்டையாகக் கொத்தாக நிற்கின்றன: முடிக்கொத்து நோய். இதுவும் வைரஸ்தான். பழனி மலைச் சரிவுகளின் விருப்பாட்சி வாழையைப் பெருமளவில் அழித்தது இதுவே. கிழங்கோடு தோண்டி அழியுங்கள், அதன் பக்கக் கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 6: பறித்த சப்போட்டா கல்லாகவே கிடக்கிறது

பிஞ்சில் பறித்திருக்கிறீர்கள். காயின் மேலுள்ள பழுப்புத் தூள் தானே உதிர்ந்து, நகத்தால் கீறினால் உள்ளே பச்சைக்குப் பதில் மஞ்சள் தெரிந்து, பாலும் குறைவாக வந்தால் பறிக்கலாம். கழுவித் துடைத்து அரிசிப் பானைக்குள் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் பழுக்கும்.

## அறிகுறி 7: நன்றாக இருந்த மரம் வாடுகிறது

பப்பாளி, மழைக்குப் பின்: அடித்தண்டு மெத்தென்று அழுகியிருந்தால் அவ்வளவுதான். இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே பப்பாளி தாங்காது. அடுத்ததை மேட்டுப் பாத்தியில் வையுங்கள்.

இலை நுனி கருகி, மெதுவாக: துணி துவைத்த தண்ணீர் மரத்தடிக்குப் போகிறதா? போர்வெல் தண்ணீர் உப்பா? முதல் வேலையாகச் சோப்புத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். மழைநீரை மாடியிலிருந்து மரத்தடிக்கு இறக்கினால் உப்பு கழுவிப்போகும். எங்கள் வீட்டு மா பிழைத்தது அப்படித்தான்.

கொய்யா: வேர் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். பாசிமணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. கன்றின் பையிலேயே வந்திருக்கும். ஆரம்பத்தில் வேப்பம் புண்ணாக்கும் செண்டுமல்லியும் உதவும். முற்றிய நிலையில் வீட்டு வைத்தியம் போதாது. முடிச்சு இல்லாமல், ஒரு பக்கக் கிளை முதலில் மஞ்சளாகிக் காய் காய்ந்து மரத்திலேயே தொங்கினால் வாடல் நோய். காப்பாற்ற முடியாது, அதே குழியில் மறுபடி கொய்யா வைக்காதீர்கள்.

மா, தண்டில் ஓட்டை, அடியில் மரத்தூள்: தண்டுத் துளைப்பான். ஒன்றிரண்டு ஓட்டை என்றால் சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி இழுத்து, களிமண்ணால் அடைத்துவிடலாம். அதற்கு மேல் இருந்தால் ஆள் வேண்டும். மரம் வீட்டின் மேல் சாயும் நிலையில் இருந்தால் அன்றே கூப்பிடுங்கள். கிளை மின்கம்பியைத் தொடுகிறது என்றால் வெட்டும் ஆளுக்கு முன்னால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

## கூப்பிடும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

வட்டார தோட்டக்கலை அலுவலகம், மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் வீட்டு மரத்துக்கும் ஆலோசனை கேட்கலாம். தேனி, மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கைக்கெட்டும் தூரம். நேரில் போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். நோய் தொடங்கும் நிலையில் உள்ள இலை நாலு, நல்ல இலை இரண்டு, பாதித்த காய் ஒன்று. எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகி எது நோய் என்றே தெரியாமல் போகும். வாடல் என்றால் சிறு வேரும் அதைச் சுற்றிய ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் முழுவதும் தெரியும் ஒரு படம், அடித்தண்டின் ஒரு படம். கடைசியாகத் தண்ணீர், உரம், மருந்து என்ன, எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.